உருக்கு, ஊற்று, ஆறவிடு: வீட்டில் வார்ப்பு வேலை

உங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டான் இருக்கிறதா? பழைய சாமான் கடைக்காரர் அதை எடை போட்டு வாங்குவார். பிறகு அது எங்கே போகிறது?

உருக்கும் பட்டறைக்குப் போகிறது. உருகிய அலுமினியம் அச்சில் ஊற்றப்படுகிறது. ஆறிய பின் அது கைப்பிடி ஆகிறது. விளக்குத் தண்டு ஆகிறது. மோட்டார் மூடி ஆகிறது. இந்த வேலைக்கு வார்ப்பு என்று பெயர். வார்ப்படம் என்றும் சொல்வார்கள்.

இந்த வேலையைச் சிறிய அளவில் வீட்டுக் கொல்லையிலேயே கற்றுக்கொள்ள முடியும். அதிகப் பணம் வேண்டாம். ஆனால் நெருப்பு, உலோகம், தண்ணீர் இந்த மூன்றையும் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக் கலை

உலோகச் சிலைகள் திருப்பதிப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. திருமலைக் கோயிலில் போக சீனிவாசர் என்ற சிறிய வெள்ளித் திருமேனி இருக்கிறது. பல்லவ அரசி சாமவை கொடுத்தது அது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. அந்தக் கொடையைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. அதே கோயிலில் கிருஷ்ணதேவராயரும் அவருடைய இரண்டு தேவியரும் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகளும் உண்டு. வரிசையில் நின்று போகும்போது பார்த்திருப்பீர்கள்.

தமிழ்நாட்டில் கும்பகோணம் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது. அங்கே ஸ்தபதிகள் இன்றும் மெழுகு முறையில் சிலை வார்க்கிறார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் இவற்றைச் சேர்த்து முதலில் மெழுகுச் சிலை செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. முழுவதும் காய்ந்ததும் சூடு காட்டுவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே சிலை வடிவத்தில் வெற்றிடம் இருக்கும். அதில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். ஒரு அச்சில் ஒரு சிலைதான் கிடைக்கும். மண் உடைந்த பிறகு அதே அச்சை மீண்டும் பயன்படுத்த முடியாது.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்று எப்படித் தெரியும்? மெழுகை எடை போடுவார்கள். சாளுக்கிய அரசன் சோமேசுவரன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், மானசோல்லாசம் என்ற வடமொழி நூல் எழுதப்பட்டது. மெழுகைப் போல எட்டு மடங்கு பித்தளையோ செம்போ எடுக்க வேண்டும், வெள்ளி என்றால் பன்னிரண்டு மடங்கு என்று அது சொல்கிறது. அலுமினியம் லேசான உலோகம். அதற்கு மூன்று மடங்கு போதும். இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

திருப்பதியில் ஒரு சிற்பப் பள்ளி இருக்கிறது. அதன் பெயர் ஸ்ரீ வெங்கடேசுவரா பாரம்பரியச் சிற்பக் கலை நிறுவனம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் அதை நடத்துகிறது. கல் சிற்பம், சுதைச் சிற்பம், மரச் சிற்பம் இவற்றோடு உலோகச் சிற்பமும் அங்கே பாடம். முறையாகப் படிக்க நினைக்கும் பிள்ளைகள் அங்கே விசாரிக்கலாம்.

எந்த உலோகம் எவ்வளவு சூட்டில் உருகும்?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. உலோகம் உருக அதைவிட அதிகச் சூடு வேண்டும்.

வெள்ளீயம் 232 டிகிரி.
காரீயம் 327 டிகிரி.
அலுமினியம் 660 டிகிரி.
பித்தளை 900 டிகிரிக்கு மேல்.
செம்பு 1085 டிகிரி.
இரும்பு 1538 டிகிரி.

இந்தப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள். வீட்டில் தொடங்குபவருக்கு வெள்ளீயமும் அலுமினியமும் மட்டுமே போதும். பித்தளையில் துத்தநாகம் கலந்திருக்கிறது. அது சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவு குளிரும் காய்ச்சலும் வரும். கோயில் மணி வார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். மணி வெண்கலத்தில் செய்வது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். அது பல ஆண்டு பழகியவர் செய்யும் வேலை. முதல் மாதத்தில் வேண்டாம்.

எந்த ஈயம்?

இது மிக முக்கியமான பகுதி. மெதுவாகப் படியுங்கள்.

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்குச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது இதுதான். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் இதில் செய்ததுதான். மற்றது காரீயம். பழைய பேட்டரிக்குள் இருப்பது அது. வெள்ளீயம் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகும். காரீயம் விஷம்.

சித்தூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தெலுங்கில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. காரீயம் என்றால் சீசம். வெள்ளீயம் என்றால் தகரம். ஆனால் இங்கும் ஒரு குழப்பம். தமிழில் தகரம் என்றால் டப்பா செய்யும் தகடு. கடையில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"அண்ணா, ஈயம் இருக்குதா?"

"எந்த ஈயம்மா? சீசமா, தகரமா?"

"தகரம்னா டப்பா தகரமா?"

"இல்லம்மா. பாத்திரத்துக்குப் பூசுற ஈயம். அது விலை அதிகம். சீசம் மலிவு."

மலிவு என்று சீசத்தை வாங்கிவிடாதீர்கள். காரீயம் மிகச் சுலபமாக உருகும். அடுப்பிலேயே உருகும். அதனால்தான் பலர் அதில் ஆரம்பிக்கிறார்கள். அதன் புகையும் தூசியும் உடலுக்குள் போகும். உடுத்திய துணியில் ஒட்டும். தரையில் படியும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து வாயில் வைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். படிப்பு ஏறாது. வயிற்று வலி வரும். இரத்தம் குறையும். கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் அது பாதிக்கும். பட்டறையில் வேலை செய்தவர் குளிக்காமல், துணி மாற்றாமல் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினாலே போதும்.

பழைய பேட்டரியை உடைத்து உருக்குவது சட்டப்படியும் குற்றம். 2001ல் பேட்டரிகளுக்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2022ல் புதிய விதி வந்தது. பழைய பேட்டரியை விற்பனையாளரிடமோ அனுமதி பெற்ற இடத்திலோதான் கொடுக்க வேண்டும்.

ரேடியோ கடையில் விற்கும் பற்றவைக்கும் கம்பியிலும் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். அதை உருக்கி விளையாட்டுப் பொம்மை செய்யக் கூடாது.

முதல் பாடம்: கடல் நுரையில் ஒரு பொட்டு

அடுப்பு கட்டுவதற்கு முன் ஒரு சிறிய வேலை செய்து பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கேளுங்கள். பெயர்தான் நுரை. அது கணவாய் மீனின் ஓடு. வெள்ளையாக, லேசாக இருக்கும். ஒரு பக்கம் நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். உலகத்தில் பல நாடுகளில் நகைத் தொழிலாளர்கள் இதையே அச்சாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஓட்டைக் குறுக்கே இரண்டாக அறுங்கள். மென்மையான பக்கங்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துச் சமமாக்குங்கள. நடுவில் ஒரு தடித்த பொத்தானை வைத்து இரண்டையும் அழுத்துங்கள். பிரித்துப் பார்த்தால் பொத்தானின் பதிவு தெரியும். பொத்தானை எடுத்துவிடுங்கள். மேலிருந்து பதிவு வரை புனல் போல ஒரு வழி செதுக்குங்கள். காற்று வெளியேற மெல்லிய கோடுகள் கீறுங்கள். இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டுங்கள். மணல் நிரப்பிய டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். ஓடும் மணலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஒரு இரும்புக் கரண்டியில் வெள்ளீயத் துண்டைப் போட்டு அடுப்பில் உருக்குங்கள். அந்தக் கரண்டி பிறகு சமையலுக்கு ஆகாது. சூடு சரியா என்று பார்க்க ஒரு காய்ந்த காகிதத் துண்டின் நுனியை வையுங்கள். பழுப்பு நிறம் ஆனால் சரி. தீப்பிடித்தால் சூடு அதிகம். ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மீன் கருகும் நாற்றம் வரும். பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் கழித்துக் கட்டை அவிழுங்கள்.

முதல் பொத்தான் பாதிதான் வந்திருக்கும். உலோகம் உறைவதற்கு முன் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மீண்டும் உருக்கலாம். வெள்ளீயம் வீணாகாது. புதிய ஓடு மட்டும் வேண்டும்.

மண் அச்சு

இப்போது அலுமினியத்துக்கு வருவோம். அதற்கு மண் அச்சு போதும்.

ஆற்று மணலைக் காயவைத்து மாவு சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். பத்துப் படி மணலுக்கு ஒரு படி களிமண் தூள் போடுங்கள். குயவர் பயன்படுத்தும் களிமண் ஆகும். பலமநேர் பக்கம் மண்பாண்டம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் நல்ல மண்ணைக் காட்டுவார்கள். களிமண்ணைக் காயவைத்து இடித்துச் சலிக்க வேண்டும். பிறகு அரைப் படி தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். எல்லாத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள்.

பதம் பார்ப்பது எப்படி? ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். கொழுக்கட்டை போல விரல் தடம் பதிய வேண்டும். அதை இரண்டாக உடையுங்கள். சுத்தமாக உடைந்தால் பதம் சரி. உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் அதிகம். ஈரம் அதிகமான அச்சில் உலோகத்தை ஊற்றவே கூடாது.

மரத்தில் அடியும் மூடியும் இல்லாத இரண்டு சட்டங்கள் செய்யுங்கள். ஒன்றின் மேல் ஒன்று அசையாமல் உட்கார வேண்டும். வார்க்க வேண்டிய பொருளின் மாதிரியை மரத்தில் செய்யுங்கள். ஏர்ப்பேடு பக்கத்தில் மாதவமாலா என்ற ஊர் மரச் சிற்பத்துக்குப் பேர் பெற்றது. அப்படிச் செதுக்கத் தெரிந்தவருக்கு இது சிறிய வேலை. மாதிரியின் ஓரம் கொஞ்சம் சரிவாக இருக்க வேண்டும். இட்லித் தட்டின் குழியைப் பாருங்கள். சரிவாக இருப்பதால்தான் இட்லி சுலபமாக வருகிறது. அது போல.

இன்னொன்று. ஆறும்போது அலுமினியம் சுருங்கும். 100 மில்லிமீட்டருக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். அளவு முக்கியம் என்றால் மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்யுங்கள்.

பலகையில் மாதிரியைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். கீழ்ச் சட்டத்தைச் சுற்றி வையுங்கள். மாதிரியின் மேல் முகப் பவுடரோ உமிச் சாம்பலோ தூவுங்கள். மண்ணை நிரப்பி இடித்துக் கெட்டியாக்குங்கள். அப்படியே திருப்புங்கள். மறுபடி பவுடர் தூவி மேல் சட்டத்தை வையுங்கள். மாதிரிக்குப் பக்கத்தில் ஒரு குழாய்த் துண்டை நிறுத்துங்கள். அதுதான் ஊற்றும் வழி. மேலேயும் மண்ணை இடியுங்கள். சைக்கிள் சக்கரக் கம்பியால் பல இடத்தில் குத்திக் காற்று வழி விடுங்கள். குழாயை உருவுங்கள். மேல் சட்டத்தைத் தூக்குங்கள். மாதிரியை மெதுவாகத் தட்டி எடுங்கள். ஊற்றும் வழியிலிருந்து குழி வரை சிறிய வாய்க்கால் வெட்டுங்கள். உதிர்ந்த மண்ணை ஊதி எடுங்கள். சட்டத்தை மூடி மேலே இரண்டு செங்கல் வையுங்கள்.

எழுத்தில் நீளமாகத் தெரிகிறது. கை பழகினால் அரை மணி நேர வேலை.

அடுப்பு

ஒரு பழைய இரும்பு வாளி எடுங்கள். ஒரு பங்கு தீக்களிமண், இரண்டு பங்கு மணல், கொஞ்சம் உமி சேர்த்துப் பிசைந்து, உட்பக்கம் மூன்று விரல் கனம் பூசுங்கள். அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் பக்கவாட்டில் துளை போட்டு ஒரு இரும்புக் குழாயைச் செருகுங்கள். காற்று அதன் வழியாகப் போகும். கொல்லர் கையால் சுற்றும் ஊது விசிறி இருந்தால் நல்லது. அடுப்பை நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு சிறு தீ மூட்டி மெதுவாகச் சூடு ஏற்றுங்கள். அவசரப்பட்டால் பூச்சு வெடித்து விழும்.

கருவேலங்கரி போதும். உலோகத்தை வைக்கும் பாத்திரத்துக்கு மூசை என்று பெயர். அலுமினியத்துக்குத் தடித்த இரும்புக் கிண்ணம் சில தடவை தாங்கும். உருகிய அலுமினியம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஒவ்வொரு தடவையும் அடியைப் பாருங்கள். மெலிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். பணம் சேர்ந்ததும் நல்ல மூசை வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் மூசையும் இடுக்கியும் அல்ல.

பழைய காஸ் சிலிண்டரை வெட்டி அடுப்பு செய்யாதீர்கள். மூடிய டப்பா எதையும் உருக்கப் போடாதீர்கள். வெடிக்கும்.

தண்ணீர் ஏன் ஆபத்து?

நெருப்பை அணைப்பது தண்ணீர்தானே, அது ஏன் ஆபத்து என்று கேட்கலாம். ஒரு குவளைத் தண்ணீர் நீராவி ஆனால் ஏறக்குறைய 1600 குவளை இடம் வேண்டும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் மாட்டிக்கொண்டால் அது கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகும். வெளியேற வழி இல்லாமல் உலோகத்தை மேலே வீசி அடிக்கும். அந்த உலோகம் முகத்தில் விழும்.

அதனால் மழை நாளில் வேலை வேண்டாம். உருக்கப் போடும் துண்டு, கிளறும் கம்பி, கசடு எடுக்கும் கரண்டி எல்லாவற்றையும் முதலில் சூடு காட்டிய பிறகே உள்ளே விடுங்கள். சிமெண்டுத் தரையிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அதன் மேல் உலோகம் கொட்டினால் தரை பெயர்ந்து தெறிக்கும். காய்ந்த மணலை நாலு விரல் கனம் பரப்பி அதன் மேல் வேலை செய்யுங்கள். தீயை அணைக்கவும் காய்ந்த மணல்தான்.

திறந்த இடத்தில் செய்யுங்கள். கரி எரியும்போது வாசனை இல்லாத விஷக் காற்று வரும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். பருத்தித் துணி உடுத்துங்கள். நைலான் புடவை உருகித் தோலில் ஒட்டும். செருப்பு போதாது. காலை முழுவதும் மூடும் தோல் ஷூ வேண்டும். தோல் கையுறையும் முகத்துக்கு மறைப்பும் வேண்டும். பிள்ளைகளும் நாயும் பக்கத்தில் வரக் கூடாது. தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் துணைக்கு இருக்கட்டும்.

சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மையோ பற்பசையோ பூசாதீர்கள். ஒட்டிய உலோகத்தைப் பிய்க்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.

ஊற்றும் நேரம்

அலுமினியம் உருகியிருக்கும்போதும் பகல் வெளிச்சத்தில் வெள்ளியாகத்தான் தெரியும். இரும்பு போலச் சிவக்காது. ஆறிவிட்டது என்று நினைத்துத் தொட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மேலே மிதக்கும் கசடை ஒதுக்குங்கள். மூசையை இடுக்கியால் தூக்கி, அச்சுக்கு அருகில் தாழ்வாகப் பிடித்து, நிறுத்தாமல் ஊற்றுங்கள். மீதி உலோகத்தைச் சூடாக்கிய இரும்புத் தட்டில் கட்டியாக ஊற்றிவிடுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். பிறகு மண்ணைத் தட்டுங்கள்.

துளை துளையாக வந்தால் ஈரம் அதிகம். மூலை நிரம்பவில்லை என்றால் உலோகம் சூடு போதவில்லை. மண் துணுக்கு ஒட்டியிருந்தால் அச்சைச் சரியாக இடிக்கவில்லை.

எந்தப் பழைய சாமான் நல்லது? மோட்டார் பிஸ்டன், பழைய இஞ்சின் மூடி போன்றவை ஏற்கெனவே வார்த்தவை. அவை நன்றாக ஓடி அச்சை நிரப்பும். குண்டானும் தட்டும் தகட்டில் செய்தவை. அவ்வளவு நன்றாக ஓடாது. குளிர்பான டப்பா மிக மெல்லியது. பாதி கசடாகவே போகும்.

கைப்பிடி, பெயர்ப் பலகை எழுத்து, ஊதுபத்தி நிறுத்தி, அலங்காரத் தட்டு இவற்றை வார்க்கலாம். வண்டி பிரேக்கும் குக்கர் பாகமும் வேண்டாம். உடைந்தால் உயிர் போகும். சமையல் பாத்திரமும் வேண்டாம். பழைய அலுமினியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தியாவில் செய்த சில அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்குகிறது என்று 2025ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

கணக்கு

ஒரு ஊதுபத்தி நிறுத்தியை மெழுகில் செய்தால் 50 கிராம் எடை. அலுமினியத்தில் வார்க்க மூன்று மடங்கு வேண்டும். ஊற்றும் வழியும் வாய்க்காலும் நிரம்ப இன்னொரு 150 கிராம் வேண்டும். கசடாக 30 கிராம் போகும் என்று வைத்துக்கொள்வோம்.

மூசையில் எத்தனை கிராம் போட வேண்டும்?

வாய்க்காலில் உறைந்த 150 கிராமை வெட்டி எடுத்து அடுத்த தடவை போட்டால், புதிதாக எத்தனை கிராம் வாங்க வேண்டும்?

உங்கள் தெருவில் உள்ள பழைய சாமான் கடையில் அலுமினியம் கிலோ என்ன விலை என்று கேட்டு எழுதுங்கள். கரிக்கு எவ்வளவு ஆகிறது என்றும் எழுதுங்கள். ஒரு ஊதுபத்தி நிறுத்தி என்ன விலைக்கு விற்றால் கட்டும்?